மலையக மண் ரோட்டுக்கு ஒட்டோமெட்டிக் ஏடிவி: ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

பனிமூட்டம்:

ஹப்புத்தளைக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் இடையில் மாமாவுக்குக் கொஞ்சம் தேயிலைக் காணி இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து மண் ரோட்டில் ஓட்ட, தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்டு அனுமதியும் வாங்கியாயிற்று. சனி, ஞாயிறுகளில் நானும் தங்கச்சியும் மாறி மாறி ஓட்ட ஒரு ஏடிவி (பருத்த நான்கு டயரும் பைக் மாதிரி ஹேண்டிலும் உள்ள கரடுமுரடு ரோட்டு வண்டி) வாங்கலாம் என்று யோசனை. கிளட்ச் பிடிக்கிற வேலையே வேண்டாம், ஒட்டோமெட்டிக்தான். கொழும்பில் பழைய வண்டிகள் சிலதைப் பார்த்தேன். விற்கிறவர்கள் எல்லாரும் சீசீயைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். மலையில் ஓட்டியவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேல்டிவிஷன்:

தம்பி, சீசீயைக் கடைசியாகப் பாருங்கள். ஏற்றத்தில் எந்த வண்டியும் முக்கி முனகி ஏறிவிடும். நம்ம பக்கத்தில் வண்டியின் குணம் தெரிவது இறக்கத்தில்தான்.

எல்ல பக்கம் ஓர் இடத்தில் நண்பர்களோடு வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற சின்ன பெல்ட் வண்டி. முதல் நாள் இரவு மழை, செம்மண் சோப்பு மாதிரி கிடந்தது. இறக்கத்தில் எக்சிலேட்டரை விட்டேன். எஞ்சின் சத்தம் அடங்கியது, வண்டியோ வேகம் எடுத்தது. பிடித்து நிறுத்த எஞ்சினில் ஒன்றுமே இல்லை. பிரேக்கை அழுத்தியதும் பின்சக்கரம் லொக் ஆகி, பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்து ரோட்டோரக் கானில் (வடிகாலில்) இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. வாடகைக்கு விட்டவர் ‘இந்த வண்டி எல்லாம் அப்படித்தான்’ என்றார். எல்லா வண்டியும் அப்படியில்லை.

ஏடிவிகளில் பெரும்பாலானவை பெல்ட்டில் ஓடுபவை. இரண்டு புல்லி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். எஞ்சின் வேகம் கூடும்போது முன் புல்லி பெல்ட்டை நெருக்கிப் பிடிக்கும், வேகம் குறைந்தால் பிடியை விட்டுவிடும். விட்டபிறகு எஞ்சின் வேறு, சக்கரம் வேறு. அதனால்தான் இறக்கத்தில் வண்டி தன்பாட்டுக்கு உருளுகிறது. இதைத் தடுக்க நல்ல மொடல்களில் ஒன்வே பெயரிங் ஒன்றை வைத்து, எக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். யமஹாவின் கிரிஸ்லி, கோடியாக் வரிசையில் அல்ட்ராமெட்டிக் என்று சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். ஃபோர்வீலில் போட்டால் நான்கு சக்கரத்துக்கும் அந்தப் பிடி கிடைக்கும். தலவாக்கலை பக்கம் ஒரு நண்பரிடம் பழைய கோடியாக் இருக்கிறது. மேல் லயத்திலிருந்து (தொழிலாளர் வீட்டு வரிசை) தொழிற்சாலைக்கு இறங்குகிற ரோட்டில் லோ கியரில் போட்டு விரலை எடுத்துவிட்டார். வண்டி உறுமிக்கொண்டே நடை வேகத்தில் இறங்கியது, பிரேக்கைத் தொடவே இல்லை.

போலாரிஸ் என்றால் மொடலைப் பார்த்து வாங்க வேண்டும். அதில் பின்சக்கரம் வழுக்கினால்தான் முன்சக்கரம் சேர்ந்துகொள்ளும். இறக்கத்தில் நான்கும் சேர்ந்து பிடிக்கிற வசதி சில மொடல்களுக்குத்தான் உண்டு, எஞ்சின் பிடிப்பே இல்லாத பழைய மொடல்களும் சுற்றுகின்றன. ஹொண்டா ரான்சர், ரூபிகன் வரிசையில் டிசிடி (இரட்டைக் கிளட்ச் ஒட்டோமெட்டிக் கியர்) வைத்தது கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். அதில் பெல்ட்டே கிடையாது, உள்ளே முழுக்கக் கியர்தான், மாற்றுகிற வேலையை மட்டும் வண்டி பார்த்துக்கொள்ளும்.

கொழும்பில் சம ரோட்டில் ஓட்டிக் காட்டுவார்கள். அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். சரிவு இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய், லோவில் போட்டு, விரலை எடுத்துப் பாருங்கள்.

கராஜ்பையன்:

அண்ணே சொன்னது சரி. நான் பெல்ட் பக்கத்தைச் சொல்கிறேன், எங்கள் கராஜுக்கு வருகிற ஏடிவியில் பாதிக்கு மேல் அந்தக் கேஸ்தான்.

போன வெசாக் லீவுக்கு ஒரு வண்டி வந்தது. ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றார்கள். மூடியைக் கழற்றியதும் கருகிய ரப்பர் வாசனை. உள்ளே எல்லா இடத்திலும் கறுப்புத் தூள், பெல்ட்டின் பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது, ஓர் இடத்தில் மட்டும் விரல் அகலத்துக்குத் தேய்ந்து ஒடுங்கியிருந்தது. அந்தத் தேய்வு ஒரே ஒரு நிமிடத்து வேலை. செங்குத்தான ஏற்றத்தில் ஹை கியரிலேயே எக்சிலேட்டரை முழுக்கத் தள்ளியிருக்கிறார்கள். சக்கரம் கல்லில் மாட்டி நிற்க, முன் புல்லி மட்டும் சுற்றி, பெல்ட் ஒரே இடத்தில் எரிந்திருக்கிறது. மெதுவாக ஏற வேண்டிய இடம் என்றால் லோ. ஹையிலிருந்து லோவுக்கு மாற்றுவதும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான், ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டால் கியர் பல்லுக்குக் கேடு.

அடுத்தது தண்ணீர். ஓடையைக் கடக்கும்போது பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும். பெட்டியின் அடியில் ஒரு வடிகால் மூடி இருக்கும், அதைத் திறந்து வடித்துவிட்டு, நியூட்ரலில் எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கினால் காய்ந்துவிடும்.

பழைய வண்டி பார்க்கப் போனால் பெல்ட் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சுற்றிலும் சின்ன போல்ட்கள்தான், பெரிய வேலையில்லை. ‘அதெல்லாம் கழற்ற முடியாது’ என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள். டிபரன்ஷல் ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எக்ஸலில் இருக்கிற ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இன்னொன்று, 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் சந்தையில் இருப்பதில் நிறைய வயதான வண்டிகள். வாங்கும் முன் அந்த மொடலுக்குப் பெல்ட் கிடைக்குமா என்று சாமான் கடையில் கேளுங்கள். மாற்றுப் பெல்ட் கிடைக்காத வண்டி கோழிக்கூட்டுக்குத்தான் உதவும்.

காபரேட்டர் வண்டியும் வேண்டாம். கொழும்பில் சரியாக வைத்த காபரேட்டர் நுவரெலியா உயரத்தில், 1868 மீற்றரில், பெற்றோலை அதிகமாகக் கொட்டும். பிளக் கறுத்துவிடும், காலையில் சொக் இழுத்து மல்லுக்கட்ட வேண்டும். எப்படியும் அந்த உயரத்தில் எஞ்சின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டப் போய்விடும். ஈஎஃப்ஐ (காபரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெற்றோல் தெளிக்கிறது) என்றால் காற்றுக்கு ஏற்ற மாதிரி பெற்றோலைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஊவாக்காரி:

தங்கச்சியும் ஓட்டப்போகிறாள் என்றால் இதையும் கேளுங்கள், இங்கே எல்லாரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள்.

எக்சிலேட்டரைப் பெருவிரலால் தள்ள வேண்டும். அரை மணி நேரம் ஏற்றம் ஓட்டினால் அந்த விரல் வேறு யாருடையதோ போல மரத்துவிடும். ஸ்பிரிங் இறுக்கமான வண்டியில் ஓட்டிய அன்று இரவு சோறு பிசையக்கூட முடியவில்லை. அடுத்தது பவர் ஸ்டியரிங். முன்சக்கரம் கல்லில் பட்டால் ஹேண்டில் கையைத் திருகிக்கொண்டு போகும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அந்த உதை பாதி குறைகிறது. ஆண்கள் அதை ஆடம்பரம் என்கிறார்கள். சுவர் ஓரத்து வளைவில் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவளுக்கு அது ஆடம்பரமில்லை.

500 சீசீ வகை ஃபோர்வீல் வண்டி ஏறக்குறைய 300 கிலோ. சாய்ந்தால் இரண்டு பேரால் தூக்க முடியாது. அகலமும் ஒன்றே கால் மீற்றருக்குக் கிட்ட. கொழுந்து எடுக்கப் போகிற ஒற்றையடிப் பாதையில் அது போகாது, லொறி ரோட்டில்தான் போகும். தங்கச்சியை ஏற்றி உட்காரவைத்து, ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது வெளிப்பக்கக் கை எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏற்றத்தில் வண்டி நின்று பின்னால் உருளத் தொடங்கினால் பின் பிரேக்கை மட்டும் அழுத்தக் கூடாது, முன்பக்கம் தூக்கித் தலைகீழாகும். உடம்பை முன்னால் சாய்த்து முதலில் முன் பிரேக். இதைச் சின்ன மேட்டில் நாலைந்து முறை செய்து பழகிய பிறகுதான் மலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

லிந்துலைப்பையன்:

இரண்டு பேர் போகலாமா? சீட் நீளமாகத்தானே இருக்கிறது?

ஊவாக்காரி:

சீட் நீளம் ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் நகர்ந்து சாய்வதற்கு. பின்னால் ஆளை ஏற்றினால் ஏற்றத்தில் கவிழும். இரண்டு பேருக்கென்றே நீளமாகச் செய்த மொடல்கள் தனியாக இருக்கின்றன, கேன்ஆம் அவுட்லாண்டர் மேக்ஸ் மாதிரி. பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்துப் படம் எடுப்பவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. 90 சீசீக்கு மேற்பட்ட வண்டி 16 வயதுக்குக் கீழே கூடாது என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள்.

பழைய கணக்கப்பிள்ளை:

தம்பி, வண்டி எனக்குத் தெரியாது. ரோட்டைச் சொல்கிறேன், அது முப்பது வருஷமாகத் தெரியும்.

துரை அனுமதி கொடுத்தாலும் மலையில் வேலை நடக்கிற இடத்தை அன்றன்று கணக்கப்பிள்ளையிடமோ கங்காணியிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். கொழுந்துக் கூடையோடு வளைவில் பெண்கள் நடந்து வருவார்கள், பனியில் உங்களுக்குத் தெரியமாட்டார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கானை மிதித்து உடைக்காதீர்கள். ஒரு கான் அடைத்தால் மழைத்தண்ணீர் ரோட்டின் மேல் ஓடி ஒரே இரவில் மண்ணை அறுத்துக்கொண்டு போகும், பிறகு கொழுந்து லொறியும் வராது.

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நுவரெலியா பக்கம் மழை. அந்த மாதங்களில் உங்கள் ஊவாப் பக்கம் காய்ந்திருக்கும், காற்றுதான் அடிக்கும். ஒக்டோபருக்குப் பிறகு ஊவாவில் மழை பிடித்தால் வண்டியை மூடிவைத்துவிடுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கிற நாளில் சரிவில் வண்டி ஓட்டுவது விளையாட்டில்லை.

மெயின் ரோட்டுக்கும் ஏறாதீர்கள். நம்பர் பிளேட் இல்லாத வண்டியைப் பொலிஸ் பிடித்தால் துரையின் கடிதம் அங்கே செல்லாது.

மேல்டிவிஷன்:

ஐயா சொன்னதோடு ஒன்று. டயர் காற்று பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு பிஎஸ்ஐக்குள்தான், சரியான அளவு வண்டியிலேயே எழுதியிருக்கும். பெற்றோல் ஷெட் மீற்றர் அவ்வளவு கீழே சரியாகக் காட்டாது. அங்கே அடித்தால் டயர் கல் மாதிரி ஆகி வண்டி துள்ளும். குறைந்த அளவு காட்டுகிற சின்ன மீற்றர் ஒன்று வாங்கி வையுங்கள்.

பனிமூட்டம்:

எல்லாருக்கும் நன்றி. கொழும்பில் பார்த்ததில் பெரிய சீசீ வண்டிக்காரர் சரிவுக்குக் கொண்டுபோக முடியாது என்றார், அப்புறம் பெல்ட் மூடியைக் கேட்டதும் போனையே வைத்துவிட்டார். கண்டி பக்கம் ஒருவரிடம் பழைய கோடியாக் 450 இருக்கிறது, பவர் ஸ்டியரிங்கோடு. வீட்டுக்குப் பின்னாலேயே சரிவு, லோவில் போட்டு விரலை எடுத்தால் வண்டி நின்று நின்று இறங்குகிறது. தங்கச்சிக்குக் கை எட்டுகிறது. ஒரு பூட் கிழிந்திருக்கிறது, அதைச் சொல்லி விலையைக் குறைத்தாயிற்று. டிமோ பட்டாவில் (சின்ன லொறி) ஏற்றி வரலாமா?

கராஜ்பையன்:

வரலாம், நீளம் மட்டும் மட்டுமட்டாக இருக்கும். பின்கதவைத் திறந்து, மேட்டுப் பக்கம் பின்னால் வருகிற மாதிரி பட்டாவை நிறுத்துங்கள், பலகையின் சரிவு குறையும். பலகையைக் கயிற்றால் பட்டாவோடு கட்டாமல் யாரும் வண்டியில் உட்கார்ந்து ஏற்ற வேண்டாம், பலகை பின்னால் வழுக்கினால் 300 கிலோவும் உங்கள் மேல்தான். ஏற்றியதும் பார்க்கிங் பிரேக் போட்டு, முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்குகிற அளவுக்கு நாடாப் பட்டி போட்டு இழுத்துக் கட்டுங்கள். கம்பளையில் ஒருமுறை, நுவரெலியா ஏற்றம் முடிந்ததும் ஒருமுறை இறங்கிக் கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த ரப்பர் பூட்டை ஹப்புத்தளைக்கு வந்தபிறகு மாற்றலாம், அதுவரை சேற்றில் இறக்காதீர்கள்.