ஓட்டுருளியில் விரிசல்: பற்றவைக்கலாமா, உருக்கக் கொடுக்கலாமா?

களியக்காவிளை மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். உலோகம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

என் மாமியாரின் அம்மா காலத்து ஓட்டுருளி (ஓடு என்கிற வெண்கலத்தில் வார்த்த அகலமான சமையல் பாத்திரம்) ஒன்று வீட்டில் இருக்கிறது. 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வருஷம் முழுக்கப் பரணில் கிடக்கும், சக்கை (பலாப்பழம்) சீசனில்தான் கீழே இறங்கும். போன ஞாயிற்றுக்கிழமை வருக்கைச் சக்கை இரண்டு வெட்டி, விறகடுப்பில் வெல்லம் சேர்த்துச் சக்கை வரட்டி கிண்டினோம். மூன்றரை மணி நேரம். வரட்டியை வழித்து எடுத்த பிறகு உருளியை அடுப்பிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தால் அடியில் ஒட்டியிருந்த வெல்லம் புகைந்து கரிந்துகொண்டிருந்தது. பதற்றத்தில் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு மொண்டு அப்படியே ஊற்றினேன். ணங்கென்று ஒரு சத்தம். விறகுதான் வெடித்தது என்று நினைத்தேன்.

மறுநாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும்போது நகம் ஒரு கோட்டில் இடறியது. விளிம்பில், காதுக்குப் பக்கத்தில் தொடங்கி, கீழே நாலு விரல் நீளத்துக்கு முடி போல ஒரு விரிசல். முன்பெல்லாம் விரலால் சுண்டினால் கோயில் மணி மாதிரி நெடுநேரம் இழுக்கும். இப்போது மண்சட்டியைத் தட்டினது போல இருக்கிறது.

பாத்திரக் கடையில் காட்டினேன். "இது பித்தளைதான், பித்தளை விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். முக்கிலுள்ள வெல்டிங் கடையில் பித்தளைக் கம்பி போட்டு ஒட்டித் தருகிறேன் என்கிறார்கள். எதை நம்புவது? மாமியார் இதுவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வள்ளியூர் தம்பி:
அக்கா, கவலைப்படாதீங்க. ஈயம் பூசுகிறவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். உள்பக்கம் நல்லா ஈயம் பூசினால் விரிசல் அடைந்துவிடும். எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவில் ஊசி ஓட்டையை அப்படித்தான் அடைத்தார்கள்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
தம்பி சொல்வது அண்டாவுக்குச் சரி, அதில் தண்ணீர்தான் பிடித்து வைக்கிறோம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். எங்கள் பக்கத்தில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வீட்டுக்கு வீடு உண்டு. முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். என் கல்யாணமான புதிதில் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனேன். வந்து பார்த்தபோது அடுப்பில் பாதிச் சொம்பு இல்லை, பர்னரைச் சுற்றி வெள்ளித் துளிகளாகக் கிடந்தது. சக்கை வரட்டி கிண்டுகிற சூட்டில் விரிசலுக்குள் இருக்கும் ஈயம் நிற்காது.

இன்னொன்று. ஈயம் என்ற ஒரே சொல்லை இரண்டு உலோகத்துக்கும் சொல்கிறோம். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. காரீயம் விஷம், சாப்பாட்டுப் பக்கமே வரக்கூடாது. விலை குறைவு என்பதால் பூச்சில் காரீயம் கலப்பவர்களும் உண்டு. ஓட்டுருளிக்கு எப்படியும் ஈயப்பூச்சு தேவையில்லை, பூசாமல்தான் தலைமுறையாகப் புழங்குகிறோம். பித்தளையில் புளி பட்டால் களிம்பேறும் என்பதால்தான் அதற்குப் பூச்சு.

மார்த்தாண்டம் பட்டறை:
சகோதரி, முதலில் ஒன்று. அந்த வெல்டிங் கடைக்கு உருளியைக் கொண்டுபோகாதீர்கள். நான் 26 வருஷமாக லேத்தும் பிரேசிங்கும் (கம்பியை உருக்கி உலோகத்தைப் பற்றவைப்பது) செய்கிறவன், அதனால் சொல்கிறேன். பித்தளைக் கம்பி உருகி ஓட 900 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஓடு 800 டிகிரிக்கு முன்னாலேயே இளக ஆரம்பித்துவிடும். கம்பி உருகுவதற்குள் உருளியின் விளிம்பு வழிந்துவிடும். எங்கள் பட்டறையில் ஒரு கோயில் மணியை அப்படிக் கெடுத்துக்கொண்டு வந்தார்கள். விரல் நீள விரிசலுக்குப் பதில் உள்ளங்கை அளவு ஓட்டை.

கடைக்காரர் சொன்னதும் சரியில்லை. பித்தளை என்றால் தண்ணீர் ஊற்றியதற்கு விரிசல் விடாது. தரையில் போட்டால் நசுங்கும், உடையாது. பித்தளை செம்பும் துத்தநாகமும், ஓடு செம்பும் வெள்ளீயமும். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, இரண்டிலும் ஒட்டாது. எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் உடைந்த இடத்தின் நிறம் பொய் சொல்லாது. விரிசல் ஓரத்தில் துணுக்கு பெயர்ந்திருந்தால் வெயிலில் பாருங்கள். மஞ்சளாகப் பளபளத்தால் பித்தளை. சாம்பல் கலந்த வெள்ளையாக, பொரபொரவென்று இருந்தால் ஓடு.

இன்று ராத்திரியே ஒரு சோதனை செய்யலாம். உருளியைக் கழுவி நன்றாகக் காய வையுங்கள். உள்பக்கம் விரிசலைச் சுற்றித் தாராளமாக மண்ணெண்ணெய் தடவி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெளிப்பக்கம் சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்து மெல்லிசாகப் பூசிக் காய விடுங்கள். விரிசல் எதுவரை போயிருக்கிறதோ அதுவரை வெள்ளையில் ஈரக்கோடு எழும். கண்ணுக்குத் தெரிவதைவிட அது எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். படம் போடுங்கள்.

செங்கோட்டை வாத்தியார்:
நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏன் உடைந்தது என்று தெரிந்தால் அடுத்த முடிவு எளிதாகும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

செம்பு வளைந்து கொடுக்கும் உலோகம். அதில் 10 சதவீதம் அளவு வெள்ளீயம் சேர்த்தால் உறுதி கூடும், ஆனாலும் தாங்கும். பட்டறை நண்பர் தினமும் கடைகிற கன்மெட்டல் புஷ் (இயந்திரத்தில் அச்சைத் தாங்கும் வெண்கல வளையம்) அந்த வகைதான். வெள்ளீயம் 20 சதவீதத்தைத் தாண்டும்போது உள்ளே கடினமான, நொறுங்கக்கூடிய ஒரு சேர்மம் நிறைய உருவாகிவிடுகிறது. மணிக்கும் ஓட்டுப் பாத்திரத்துக்கும் சுமார் 22 சதவீதம் போடுவது வழக்கம். உங்கள் உருளி அவ்வளவு நேரம் ரீங்கரிக்கக் காரணம் அந்தக் கடினம். அதிர்வை விழுங்காமல் திருப்பித் தருகிறது. ஒரு சொம்புத் தண்ணீருக்கு உடைந்ததும் அதனால்தான். உள்பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது, வெளிப்பக்கம் இன்னும் விறகின் சூட்டில் விரிந்து நிற்கிறது. செம்பாக இருந்தால் இழுபட்டுச் சமாளித்திருக்கும். ஓட்டுக்கு இழுபடத் தெரியாது.

உங்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். மாஸ்கோவின் கிரெம்ளினில் 1735இல் வார்க்கப்பட்ட ஜார் மணி சுமார் 200 டன் எடை. 1737இல் அங்கே பெரிய தீ பிடித்தபோது, சூடேறிய மணியின் மேல் தண்ணீர் கொட்டிவிட்டார்கள். விரிசல் ஓடி, பதினொன்றரை டன் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. அந்த மணி கடைசி வரை ஒலிக்கவே இல்லை. அத்தனை பெரிய வார்ப்பே தாங்காத தவறு அது. உங்கள் கைக்குற்றம் என்று மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

களியக்காவிளை மருமகள்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். மணியின் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

ஒரு சந்தேகம். ஆதிச்சநல்லூரில் கிடைத்த பழைய வெண்கலக் கிண்ணங்களைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துச் செய்திருக்கிறார்கள் என்று எங்கோ வாசித்த ஞாபகம். அப்படியானால் தண்ணீர் பட்டால் உடைய வேண்டாமா?

பட்டறை அண்ணா, சோதனை செய்தேன். நாலு விரல் என்று நினைத்தது ஏழு விரல் இருக்கிறது. பாதி வயிறு வரை வந்துவிட்டது. படம் இணைத்திருக்கிறேன். விளிம்பில் அரிசி அளவு துணுக்கு பெயர்ந்த இடம் சாம்பல் வெள்ளைதான்.

செங்கோட்டை வாத்தியார்:
நல்ல கேள்வி. நீங்கள் வாசித்ததும் உண்மை. ஆதிச்சநல்லூர், நீலகிரி ஈமக்குழிகளில் கிடைத்த மெல்லிய கிண்ணங்கள் சிலவற்றை ஆராய்ந்தபோது, வெள்ளீயம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தது தெரிந்தது. அதை அவர்கள் வார்த்ததோடு விடவில்லை, சிவந்த சூட்டிலேயே அடித்து மெலிதாக்கியிருக்கிறார்கள். 600, 700 டிகிரியில் இந்த உலோகத்தின் உள்ளமைப்பே வேறு, அப்போது சுத்தியலுக்கு இணங்கும். அந்த நிலையில் சட்டென்று தண்ணீரில் தோய்த்தால், நொறுங்கும் சேர்மம் உருவாக நேரம் கிடைக்காது. இளகின அமைப்பே பெரும்பாலும் உறைந்து நின்றுவிடும்.

உங்கள் உருளி அப்படிச் செய்ததல்ல. மெழுகு அச்சில் வார்த்து, மெதுவாக ஆறவிட்டது. நொறுங்கும் பகுதி அதில் முன்பே உருவாகிவிட்டது. அடுப்பில் ஏறின சூடு அதைக் கரைக்கப் போதாது, ஆனால் உடைக்கப் போதும். எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் கெட்டிப்படும், இந்த வெண்கலம் தோய்த்தால் இளகும். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே வியப்பாக இருக்கும். அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன் கையும் கண்ணும் மட்டும் வைத்து இதைக் கண்டுபிடித்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

மார்த்தாண்டம் பட்டறை:
படம் பார்த்தேன். ஏழு விரல் என்றால் இனி அடுப்பில் வைக்க வேண்டாம். ஒவ்வொரு சூட்டுக்கும் இன்னும் இறங்கும். ஒருநாள் கொதிக்கிற பாயசத்தோடு இரண்டாகப் பிளந்தால் கால் வெந்துபோகும்.

வெள்ளிக் கம்பி வைத்துப் பற்றவைக்கிற முறை ஒன்று உண்டு. 650, 700 டிகிரியில் வேலை முடியும், ஓடு உருகாது. ஆனால் உருளி முழுவதையும் ஒரே சீராகச் சூடேற்றி, ஒரே சீராக ஆறவிட வேண்டும். ஒரு இடத்தை மட்டும் சுட்டால் பக்கத்தில் புது விரிசல் ஓடும். தவிர, மலிவான வெள்ளிக் கம்பிகள் சிலவற்றில் காட்மியம் இருக்கும், அது கொடிய விஷம். சமையல் பாத்திரத்துக்கு நான் கை வைக்க மாட்டேன், யார் வைத்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆக இரண்டு வழிதான். ஒன்று, நினைவாக வைத்துக்கொள்வது. விரிசல் முடியும் நுனியில் 3 மில்லிமீட்டர் டிரில் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். கூர்மையான நுனி வட்டமாகிவிட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடுவது நிற்கும். விரிசலுக்குக் கீழே வரை தண்ணீர் விட்டு முற்றத்தில் பூ மிதக்க விடலாம். லண்டனில் பிக் பென் மணி 1859இல் விரிசல் விட்டபோதும் அங்கே சிறு சதுரமாக வெட்டி எடுத்து, மணியைக் கொஞ்சம் திருப்பி, சின்னச் சுத்தியல் மாட்டினார்கள். இன்றும் அதே மணிதான் அடிக்கிறது. இரண்டாவது வழி, உருக்கி மறுபடி வார்ப்பது.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
வார்ப்பதென்றால் மான்னார் போங்கள். கேரளத்தில் செங்கன்னூர் பக்கம், ஓட்டுப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். ஆரன்முளைக் கண்ணாடி செய்கிற இடமும் அங்கிருந்து பக்கம்தான். அதுவும் செம்பும் வெள்ளீயமும்தான், வெள்ளீயம் இன்னும் அதிகம், மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் முகம் தெரிகிற அளவு வெளுப்பு.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய ஓட்டைக் கொடுத்துப் புதிய உருளியை மாற்றி வாங்காதீர்கள். வெள்ளீயம் செம்பைவிட ரொம்ப விலை. நம் நாட்டில் கிடைப்பதும் கொஞ்சம். அதனால் கடையில் வாங்கும் புதியதில் துத்தநாகமோ காரீயமோ கலந்திருக்கலாம். உங்கள் உருளியையே உங்கள் கண் முன்னால் உருக்கி வார்த்துத் தரச் சொல்லுங்கள்.

களியக்காவிளை மருமகள்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். மாமியாரிடம் இரண்டு வழியையும் சொன்னேன். "முற்றத்தில் பூ போட்டு வைக்கவா எங்கம்மா அதைத் தந்தாள்? வரட்டி கிண்டத்தான் தந்தாள்" என்றார். அதோடு முடிவாகிவிட்டது.

மாமியாரும் நானும் மான்னார் போனோம். ஒரு வார்ப்புப் பட்டறையில் தனியாக உருக்கித் தர ஒத்துக்கொண்டார்கள். அங்குள்ள பெரியவர் உருளியைத் தூக்கி, விரிசல் இல்லாத பக்கத்தைச் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு எடை போட்டு எழுதிக் கொடுத்தார். உருக்கும்போது வெள்ளீயம் கொஞ்சம் எரிந்து கசடாகப் போய்விடும், அதனால் கடைசியில் புதிதாகக் கொஞ்சம் சேர்ப்பேன் என்றார். முதலிலேயே சேர்த்தால் அதுவும் எரிந்துவிடுமாம். களிமண் கருவின் மேல் மெழுகைத் திரித்துத் திரித்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியார் அந்த மெழுகு உருளியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, "எங்கம்மா உருளிக்கு விளிம்பு இதைவிட ஒரு நூல் தடிமன்" என்றார். பெரியவர் மறுபேச்சில்லாமல் இன்னொரு சுற்று மெழுகு வைத்தார்.

அடுத்த மாதம் வாங்கப் போகிறோம். கடைசியாக ஒரு கேள்வி: புது உருளியை எப்படிப் பழக்குவது?

கொழிஞ்சாம்பாறை அக்கா:
முதலில் கஞ்சித் தண்ணீரை நிரப்பி இரண்டு மூன்று நாள் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். பிறகு கஞ்சித் தண்ணீரையே அதில் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். காய்ந்ததும் தேங்காயெண்ணெய் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். அதற்கப்புறம் அடுப்பில் ஏற்றும்போதெல்லாம் உள்ளே நெய்யோ பாலோ ஏதாவது இருக்கட்டும். தீயை மெல்ல ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் கீழே இறக்கி, பிரிமணை மேல் வைத்துத் தானாக ஆறவிட்டு, கை பொறுக்கும் சூடு வந்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.