மழலைன்னா பேச்சா, வயசா?

(குடும்ப குரூப், ராத்திரி 9.10)

கவிதா: பெரியவளுக்கு அட்மிஷன் ஃபார்ம் எழுதிட்டு இருக்கேன், அதுல மழலையர் வகுப்புன்னு போட்டிருக்கு. மழலைன்னா குழந்தை பேசுற பேச்சுதானே, அது எப்படி வகுப்புக்கு பேராச்சு? சித்தப்பா இருக்கீங்களா

தினேஷ்: பேச்சுதான்க்கா. குறள்ல மழலைச்சொல்னு வருதே

சித்தப்பா: இருக்கேன்மா. தினேஷ் சொல்றது 66வது குறள், சரிதான், ஆனா அந்தப் பேச்சுக்கு அடியில இன்னொன்னு இருக்கு. தொல்காப்பியத்துல உரியியல்ங்கற பகுதியில "மழவும் குழவும் இளமைப் பொருள"ன்னு ஒரே வரி. மழன்னாலே இளமை. மழகளிறுன்னா இளம் யானை, மழவிடைன்னா இளம் காளை, அங்க பேச்சுக்கே வேலையில்ல பாரு. அந்த இளசான வயசுல வர்ற பேச்சும் மழலை, பேசுற பிள்ளையும் மழலை

அத்தை: அப்போ குழந்தைங்கறது அந்தக் குழதானாடா

சித்தப்பா: அதேதான் அக்கா. குழவியும் அதுலேர்ந்துதான், பிறைநிலாவை குழவித் திங்கள்னு பாடியிருக்காங்க. இன்னொன்னு, யானைக்குட்டியையும் குழவின்னு சொல்லலாம்னு அதே தொல்காப்பியத்துல மரபியல்ங்கற பகுதியிலயே இருக்கு, "குஞ்சரம் பெறுமே குழவிப் பெயர்க்கொடை"ன்னு. எனக்கு அந்த வரின்னா உயிரு

தினேஷ்: இது தெரியவே தெரியாது சித்தப்பா

கவிதா: [வீடியோ] இப்ப சின்னவன் இப்படித்தான். அஞ்சு மாசம் முடியப்போகுது

அத்தை: என் கண்ணே!! ரெண்டு கையையும் ஊனிக்கிட்டு ஒரு கால மடக்கி ஒரு கால நீட்டி தலைய எப்படி ஆட்டுறான் பாரு

சித்தப்பா: கவிதாம்மா இதுதான் செங்கீரை!! சாமியையோ பெரியவங்களையோ குழந்தையா நினைச்சுப் பாடுற பிள்ளைத்தமிழ்ல 10 பருவம் வச்சுப் பாடுவாங்க, அதுல ரெண்டாவது, அஞ்சாம் மாசத்துக்குன்னே வச்சது. அக்கா இப்ப சொன்னாங்களே அந்த கை, கால், தலை, அப்படியே அதுதான் இலக்கணம். எத்தனை பிள்ளைய எவ்ளோ நேரம் பக்கத்துல உக்காந்து பாத்திருந்தா இதுக்குன்னு ஒரு பேரு வச்சிருப்பாங்க

கவிதா: சிலுர்க்குது சித்தப்பா. அடுத்தது என்ன

சித்தப்பா: தால். தால்னா நாக்கு, நாக்கை ஆட்டி ஆட்டிப் பாடுறதால தாலாட்டு. அப்புறம் ஒம்பதாம் மாசம் சப்பாணி

தினேஷ்: சப்பாணின்னா கால் நடக்க வராதவங்கள சொல்றதில்லையா

சித்தப்பா: அந்த அர்த்தமும் இருக்குப்பா. இங்க ரெண்டு கையையும் சேத்துக் கொட்டுறது. சப்பாணி கொட்டுன்னு அம்மா கெஞ்சுறாப்ல பாட்டு வரும்

கவிதா: அவன் கை தட்டுற அன்னைக்கு மொத வீடியோ உங்களுக்குத்தான் சித்தப்பா

அத்தை: அது வரட்டும், இதையே இன்னொரு தடவ எடுத்து போடுடி, தலை ஆடும்போது பாதியில நின்னுபோச்சு