மறு: ‘ஊடுருவல் கண்காணிப்பு’ – பிரசவ அறைக்கு வேறு சொல் வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பிரசவத்துக்கு வரும் தாய்மாருக்கான தகவல் தாளின் வரைவைத் தம்பி இங்கே போட்டு, ‘இன்வேசிவ் மானிட்டரிங்’ (கருவியை உள்ளே செலுத்திக் கண்காணிப்பது) என்பதற்கு ‘ஊடுருவல் கண்காணிப்பு’ சரிதானா என்று கேட்டிருந்தார். அதற்குள் பலரும் சரி என்றுவிட்டீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிரசவ அறையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் மடல் கொஞ்சம் நீளும்.

எல்லையில் ஊடுருவுவார்கள், கணினிக்குள் ஊடுருவுவார்கள். அதோடு கண்காணிப்பும் சேர்ந்தால் உளவுத்துறை வாடைதான் வருகிறது. வாடையையாவது பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு வெவ்வேறு கருவிகளை இந்தச் சொல் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கிருமி நுழையும் வழி இரண்டிலும் வேறு.

வழக்கமான கண்காணிப்பில் தாயின் வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டுவோம். ஒன்று குழந்தையின் இதயத்துடிப்பை எடுக்கும். மற்றது வலி எப்போது வந்து போகிறது என்று காட்டும். எதுவும் உள்ளே போவதில்லை. தாய் பருமனாக இருந்தாலோ, புரண்டுகொண்டே இருந்தாலோ துடிப்பு சரியாகப் பதிவாகாது. அப்போதுதான் உள்ளே செலுத்தும் கருவியை எடுப்பார்கள். அதற்குப் பனிக்குடம் உடைந்திருக்க வேண்டும், கருப்பைவாய் 2, 3 சென்டிமீட்டராவது திறந்திருக்க வேண்டும்.

முதல் கருவியை ஆங்கிலத்தில் ‘ஃபீட்டல் ஸ்கால்ப் எலெக்ட்ரோட்’ என்பார்கள். குழந்தையின் தலைத்தோலில் மாட்டும் மெல்லிய சுருள் கம்பி. தோட்டுத் திருகாணி மாதிரி வலப்பக்கம் திருகினால் பிடித்துக்கொள்ளும், இடப்பக்கம் திருகினால் விட்டுவிடும். இழுத்துப் பிடுங்கக் கூடாது. தோலுக்குள் சுமார் 2 மில்லிமீட்டர் இறங்கும். அவ்வளவு சின்னத் துளைதான், ஆனால் பிறப்புப் பாதையில் இருக்கும் கிருமிகளுக்கு அது திறந்த வாசல். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில நாளில் தடம் தெரியாமல் ஆறிவிடும். சிலருக்கு அந்த இடத்தில் சீழ்க்கட்டி வரும். ஆயிரத்தில் ஒருவருக்கு என்பதிலிருந்து நூற்றில் நாலைந்து பேருக்கு என்பது வரை ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறும். தொற்று மண்டையோட்டு எலும்பு வரை போவதும் உண்டு, மிக மிக அரிதாக.

இரண்டாவது, வலியின் வேகத்தை அளக்கக் கருப்பைக்குள் செலுத்தும் அழுத்தக் குழாய். இது குழந்தையின் தோலைத் தொட்டுத் துளைப்பதே இல்லை. தலைக்குப் பக்கமாக மேலே போகிறது. போகும்போது கீழே இருக்கும் கிருமிகளையும் கூடவே ஏற்றிவிடலாம். பனிக்குடநீரில் தொற்று வந்தால் அந்த நீரை விழுங்கும், நுரையீரலுக்குள் இழுக்கும் குழந்தைக்கும் அது வரும். இதில் பழியை முழுக்கக் குழாயின் தலையில் போடவும் முடியாது. யாருக்கு இதை வைக்கிறோம்? பிரசவம் இழுத்துக்கொண்டே போகிறவருக்கு. பனிக்குடம் உடைந்து பல மணி நேரம் ஆகியிருக்கும், கைவிட்டுப் பார்த்த சோதனைகளும் அதிகமாக இருக்கும். அவை ஒவ்வொன்றுமே தனியாகத் தொற்றுக்கு வழி.

ஆகவே இரண்டு சொல் கேட்கிறேன். தோலைத் துளைப்பதற்கு ‘தோல்துளைக் கண்காணிப்பு’. மற்றதற்கு ‘கருப்பையகக் கண்காணிப்பு’. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் இடத்தில் ‘உட்செலுத்திக் கண்காணித்தல்’ போதும்.

அடுத்து, வரைவின் இரண்டாம் பக்கம். தம்பி எழுதியிருப்பது:

> குழந்தையின் உச்சந்தலையில் மின்முனை பொருத்தப்படும்.

உச்சந்தலை என்றதும் நம் வீட்டுப் பாட்டிமார் கை எங்கே போகும்? எண்ணெய் வைக்கும் உச்சிக்குழிக்கு. எலும்பு இன்னும் மூடாத அந்த இடத்தில் கம்பியைத் திருகவே கூடாது! விரலால் தடவிப் பார்த்து, குழியையும் எலும்புகள் சேரும் கோட்டையும் விலக்கித்தான் மாட்டுவார்கள். ‘ஸ்கால்ப்’ என்றால் தலைத்தோல். அப்படியே எழுதுங்கள். ‘மின்முனை’யிலும் எனக்குத் தயக்கம் உண்டு. குழந்தைக்கு மின்சாரம் பாய்ச்சுகிறார்களோ என்று தாய் பயப்படுவார். இது எதையும் பாய்ச்சுவதில்லை, இதயத்தின் மின்குறிப்பை வாங்கி அனுப்புகிறது. ‘தலைத்தோல் உணர்முனை’ என்றால் என்ன?

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே பதற்றம் தந்த வரி: ‘உங்களுக்கு அக்கி இருந்ததுண்டா?’ ஹெர்ப்பிஸ் என்ற வைரஸ் நோய்க்கு அகராதியில் அக்கி என்று இருக்கலாம். ஊரில் அக்கி என்றால் உடம்பில் ஒரு பக்கமாகப் பட்டை போட்டு வரும் கொப்புளம். குயவரிடம் போய்ச் செம்மண் எழுதிக்கொள்வார்களே, அது. அதற்குக் காரணமான கிருமி வேறு. நாம் கேட்க வேண்டியது பிறப்புறுப்பில் வரும் ஹெர்ப்பிஸைப் பற்றி. அது இருக்கும்போது உணர்முனை மாட்டினால், மாட்டிய இடத்திலேயே கொப்புளம் கிளம்பி, கிருமி மூளை வரை போகக்கூடும். பிறந்த குழந்தைக்கு இது உயிர்போகும் நோய். ‘அக்கியா? இல்லையே’ என்று தாய் நேர்மையாகவே பதில் சொல்லுவார், நாமும் மாட்டிவிடுவோம். பிறமொழிச் சொல் என்று யோசிக்காமல் ‘பிறப்புறுப்பில் ஹெர்ப்பிஸ் புண் அல்லது கொப்புளம்’ என்றே போடுங்கள். எச்ஐவி, கல்லீரல் அழற்சி பி, சி இருந்தாலும், குழந்தைக்கு ரத்தம் உறையாக் கோளாறு இருக்கலாம் என்றாலும், 34 வாரத்துக்கு முன்னே பிரசவம் என்றாலும் பொதுவாக உணர்முனையைத் தவிர்ப்பார்கள். அந்தப் பட்டியலை வரைவில் சரியாகவே கொடுத்திருக்கிறீர்கள்.

– – –

அக்கா, வணக்கம். அக்கியை மாற்றிவிடுகிறேன், உச்சந்தலையையும். ஆனால் ‘தோல்துளை’? முதல் பிரசவத்துக்கு வரும் பெண் அந்தத் தலைப்பைப் பார்த்தாலே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். மென்மையாக ஒரு சொல் கிடைக்காதா? சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) எல்லாம் வாயில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணமே யாரையும் உறுத்தாததுதான்.

– – –

தம்பிக்கு ஒரு வாத்தியாரின் குறுக்கீடு. வீவக ஒட்டியதற்குக் காரணம் வீடு கிடைத்தது. சொல்லின் மென்மை கிடையாது. ‘தோல்துளை’ இங்கே பெயர்ச்சொல்லாக நிற்கும்; வலி மிகுமா என்று சண்டை போட வேண்டாம், ‘தோல்துளைக் கண்காணிப்பு’ என்றே எழுதலாம். ‘தொற்று’ என்று மொட்டையாக விடாமல் ‘கிருமித்தொற்று’ என்று போடுங்கள். கொவிட்-19 காலத்தில் இங்கே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்த சொல்.

– – –

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. கிருமித்தொற்று, கட்டாயம்.

தம்பி, துளைப்பதைத் துளைப்பது என்று சொல்லாமல் வாங்கும் கையெழுத்து என்ன கையெழுத்து? பயத்தைக் குறைக்க வேண்டும் என்றால் சொல்லை மழுப்பாதீர்கள், அடுத்த வரியில் காரணத்தைச் சொல்லுங்கள். குழந்தையின் துடிப்பு தெளிவாகத் தெரியாமல் அவசரமாக அறுவை சிகிச்சைக்குப் போவதைவிட இது மேல் என்று மருத்துவர் நினைக்கும் நேரங்கள் உண்டு. தாய்க்கு அதைச் சொன்னால் புரியும்.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும், வரைவில் அடியோடு விடுபட்டிருக்கிறது. தாயும் பிள்ளையும் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சீழ்க்கட்டி பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகுதான் தலை காட்டும். ஹெர்ப்பிஸ் முதல் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வரலாம். ஹெர்ப்பிஸ் பட்ட குழந்தைகளின் தாய்மாரில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருந்ததே தெரியாது. நம் வீடுகளில் பிள்ளைக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுகிறோம். அந்த முடிக்குள் சின்னப் புண் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே என் வாசகம் இது, வெட்டியும் ஒட்டியும் கொள்ளுங்கள்:

“உங்கள் குழந்தைக்குத் தலைத்தோல் உணர்முனை மாட்டப்பட்டிருந்தால், மாட்டிய இடத்தை ஒரு மாதம் வரை தினமும் பாருங்கள். புண் ஆறும்வரை அங்கே எண்ணெயோ மருந்துத்தூளோ வைக்காதீர்கள். சிவப்பு, வீக்கம், சீழ், நீர்க்கொப்புளம் தெரிந்தாலும், குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். உணர்முனை மாட்டிய குழந்தை என்று தாதியிடம் முதலிலேயே சொல்லுங்கள்.”

கடைசி வரியைத் தயவுசெய்து நீக்க வேண்டாம். அவசரப் பிரிவில் இருப்பவர் பிரசவக் குறிப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிய வேண்டும் என்று விட்டுவிடக் கூடாது.

பனிக்குடநீரில் வரும் தொற்றுக்கு வரைவில் மூன்று இடத்தில் மூன்று சொல் இருக்கிறது. ‘பனிக்குடத் தொற்று’ என்று ஒன்றாக்கலாமா என்பதைத் தனி இழையில் பேசுவோம். இது ஏற்கனவே நீண்டுவிட்டது.