மரை போனால் என்ன சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். எஞ்சினின் அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினால், அது உட்காரும் துளையின் திரெட், அதாவது உள்சுவரில் சுற்றி ஓடும் திருகு வரி, போய்விடும். அந்தப் பழுதுக்கும், அதைச் சரிசெய்ய உள்ளே ஏற்றும் கம்பிச் சுருளுக்கும் சொல் வேண்டும். இப்போதைக்கு ‘தேய்மரை’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

* * *

மரை வேண்டாம் ஐயா. மரை என்றால் மான். நெல்லிக்காய் தின்னும் மரையைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். முதற்குறைக்கு எடுத்துக்காட்டாக நாம் படித்த ‘மரை’ தாமரை. கயிற்றில் முறுக்கிக்கொண்டு ஓடுவது புரி. சங்கில் சுற்றிக்கொண்டு ஓடுவதும் புரி. எனவே ‘தேய்புரி’. வலப்பக்கம் திருப்பினால் இறுகும் போல்ட்டுக்கு ‘வலம்புரி’, சைக்கிளின் இடது பெடலில் இருப்பதற்கு ‘இடம்புரி’ என்று இரண்டு சொற்கள் ஆயத்தமாகவே இருக்கின்றன.

* * *

> ‘வலம்புரி’, ‘இடம்புரி’ என்று இரண்டு சொற்கள் ஆயத்தமாகவே

அங்கேதான் இடிக்கிறது. இடம்புரி என்று நாம் ஒதுக்கும் சாதாரணச் சங்கை எடுத்துக் கூர்முனை மேலே இருக்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருக்கும். உயிரியலார் அதை வலச்சுழி என்பார்கள். சாதாரண போல்ட்டின் சுற்றும் அதே பக்கம்தான். அரிதான வலம்புரிச் சங்கு இதற்கு நேர் எதிர். சங்கை நம்பி போல்ட்டைத் திருப்பினால் இன்னொரு துளையும் போகும்.

* * *

மடல்களைப் படித்துக்கொண்டே வந்தேன். சங்கு நன்றாக இருந்தது. ஆனால் ‘புரி போச்சு’ என்று யாரும் வண்டியைக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. ‘மரை போச்சு’ என்பார்கள். இல்லாவிட்டால் ‘போல்ட் சும்மா சுத்துது’.

அப்புறம், இது தேய்மானமே இல்லை. போல்ட் எஃகு, எஞ்சின் கூடு அலுமினியம். 12 மி.மீ. போல்ட் என்றால் பொதுவாக 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். நீளமான ஸ்பேனரில் உடம்பைச் சாய்த்தால் அலுமினிய மரை ஒரே இழுப்பில் அறுந்துவிடும். கழற்றிப் பாருங்கள்: போல்ட்டின் பள்ளங்களில் மெல்லிய ஸ்பிரிங் மாதிரி வெள்ளையாகச் சுற்றியிருக்கும். குண்டூசியால் நெம்பினால் சுருள் சுருளாக எழும்பி வரும். இதையா தேய்ந்தது என்பீர்கள்?

பட்டறைக்காரன்

* * *

அப்படியானால் ‘உரிமரை’. இதுவரை ‘உரி’யை ஆங்கில ‘ஸ்ட்ரிப்’பின் நிழல் என்று நினைத்திருந்தேன். நார் உரிவது போலத்தான் வருகிறது என்றால் தடை என்ன?

* * *

உரிமரை என்றால் தோலுரித்த மான்!

விளையாட்டு போகட்டும். வினைத்தொகையில் மூன்று காலமும் மறைந்து நிற்கும். உரிந்த மரையா, உரிகிற மரையா, இனி உரியப்போகும் மரையா? பழுது என்பது நடந்து முடிந்தது. நேராக ‘அறுந்த மரை’ என்று பெயரெச்சத்தில் எழுதினால் யாருக்கும் விளங்கும். ‘கழன்ற மரை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் வகுப்பு எடுப்பவள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பின்வரிசை யாரைத் திரும்பிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும்.

* * *

சுருளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. அது ஒன்றல்ல, இரண்டு. துளையைப் பெரிதாக்கி, புதிதாக மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருளை ஏற்றுவது ஒரு வகை. விளிம்பு வைத்த கெட்டியான புஷ், அதாவது உலோகக் குழல், போடுவது இன்னொன்று. ஆயில் மாற்றும்போதெல்லாம் கழற்றும் இடம் என்பதால் நான் புஷ்தான் போடுவேன். சுருள் சில நேரம் போல்ட்டோடு கூடவே வெளியே வந்துவிடும். எதுவானாலும் மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் தடவுங்கள், தூள் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் கொஞ்சம் ஆயில் ஊற்றி வடியவிடுங்கள். இதையும் கையேட்டில் சேருங்கள். சொல்லை மட்டும் சரிசெய்து என்ன பயன்?

பட்டறைக்காரன்

* * *

அனைவருக்கும் நன்றி. இன்றிரவு அனுப்பவேண்டும். ‘அறுந்த மரை’, சுருளுக்கு ‘மரைச்சுருள்’, புஷ்ஷுக்கு ‘மரைக்குழல்’ என்று முடித்துவிட்டேன். பட்டறைக்காரர் சொன்ன கிரீஸும் சேர்ந்தது. ‘புரி’க்கு அடிக்குறிப்பு போட இடமில்லை, மன்னிக்கவும்.

* * *

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், மானுக்காக வருந்துகிறேன். ஆனால் மரைக்கு இவ்வளவு பேசிவிட்டு போல்ட்டைப் போல்ட்டாகவே விட்டுவிட்டீர்களே? ‘வடியாணி’ என்று சொல்லலாம். ஆணி அடிப்பதற்குத்தானே, திருகுவதற்கா என்று யாராவது கேட்பதற்குள் தனி இழை தொடங்குகிறேன்.

* * *

திருகாணி இருக்கிறதே ஐயா. அது போகட்டும், இழையா? திரெட்டுக்கு அதையே வைத்திருக்கலாமே!