அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு கார்டு: கடையில வாங்கவா, பசங்கள வச்சு செய்யவா?

ரெண்டுவாலுஅம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் போய்ட்டு இருந்தேன், முதல் தடவையா கேள்வி கேக்குறேன், தப்பான பகுதியில போட்டிருந்தா அட்மின் மாத்தி விட்ருங்க.

வர்ற ஆவணியில அப்பாவுக்கு திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம். பையன் ஆறாங்கிளாஸ், பொண்ணு மூணாங்கிளாஸ். தாத்தா பாட்டிக்கு நாங்கதான் கார்டு செய்வோம்னு ரெண்டும் ஒத்தக்கால்ல நிக்குதுங்க. எனக்கும் ஆசைதான், ஆனா போன வாரம் சார்ட் பேப்பர்ல ஒண்ணு செஞ்சு பாத்தோம், மடிச்ச இடம் கோணலா போயி நடுவுல வெடிச்சுடுச்சு, ஃபெவிகால் தடவுன இடமெல்லாம் பொரிச்ச அப்பளம் மாதிரி மேடும் பள்ளமுமா ஆயிடுச்சு.

சரி வாங்கிடலாம்னா அதுலயும் ஒரு கதை இருக்கு. போன வருஷம் அப்பா பிறந்தநாளுக்கு, தொறந்தா பாட்டு வர்ற கார்டு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். உள்ள இங்கிலீஷ்ல எட்டு வரி. அப்பா கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு நேரா பின்பக்கத்த திருப்புனாரு, 250 ரூபா ஸ்டிக்கர். "இந்தக் காசுக்கு ஒரு துண்டு வந்திருக்குமேம்மா"ன்னாரு. அவ்ளோதான், டிவிக்குப் பின்னாடி போயிடுச்சு. ஆனா இதே மனுஷன் கல்யாணத்துக்கு முன்னாடி கூட்டாளிங்க அனுப்புன பொங்கல் வாழ்த்து பூராத்தையும் இன்னிக்கு வரைக்கும் தகரப்பெட்டியில வச்சிருக்காரு. எம்ஜிஆர் படம், ரஜினி படம், கரும்புக்கு நடுவுல மாடு, எல்லாம் அழுக்கேறிப் போச்சு, ஆனா தூக்கிப் போட விடமாட்டாரு.

பெரிய கார்டு ஒண்ணு வேணும், அப்புறம் தாம்பூலப் பையில போட குட்டியா ஒரு 40 நன்றி கார்டு. எந்தப் பேப்பர், எந்தப் பசை, எப்படி மடிக்கிறது? கொஞ்சம் சொல்லுங்க.

கத்தரிக்கோல்:
சிஸ், தப்பு உங்க மேல இல்ல, சார்ட் பேப்பர் மேலதான். பேப்பருக்கும் துணி மாதிரி ஒரு இழை ஓட்டம் இருக்கு. அட்டைய கையில வச்சு நீளவாக்குல லேசா வளைச்சுப் பாருங்க, அப்புறம் குறுக்குவாக்குல. எந்தப் பக்கம் சுலபமா வளையுதோ அந்தப் பக்கம் மடிச்சா வெடிக்காது. அதோட மடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கேல் வச்சு, மை தீந்துபோன பால்பாயின்ட் பேனாவால அழுத்தி ஒரு கோடு போடுங்க. அந்தக் கோட்டுல மடிச்சா ப்ரெஸ்ல அடிச்ச பத்திரிகை மாதிரி நேரா நிக்கும். இந்த ஒண்ணு தெரிஞ்சா போதும், பாதி வேலை முடிஞ்சுது.

ஜெராக்ஸ் பேப்பர் 70, 80 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கற கணக்கு) இருக்கும், கார்டு நிக்காது. வெளிப்பக்கத்துக்கு 250 ஜிஎஸ்எம் ஐவரி அட்டை கேளுங்க, உள்ள வேலைப்பாட்டுக்கு கலர் அட்டை ஒரு 150 போதும். சென்னைக்கு யாராவது வந்தா பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குள்ள விட்ருங்க, தெரு பூரா பேப்பர் கடையும் கல்யாணப் பத்திரிகை கடையும்தான், கவரும் அங்கயே கிடைக்கும். கைக்காகிதம் புடிக்கும்னா பாண்டிச்சேரி ஆசிரமத்துல செய்றாங்க, பருத்தித் துணியில இருந்து வர்றது, தொட்டாலே தெரியும். ஆனா ஸ்கெட்ச் பேனா அதுல ஊறிப் பரவும், எழுதுறதுக்கு முன்னாடி ஓரத்துல ஒரு கீறு கீறிப் பாத்துக்கோங்க.

பசை: ஃபெவிகால்ல தண்ணி இருக்கு, அதான் அப்பளம். குச்சி பசையோ டபுள் சைடு டேப்போ போடுங்க. மைதா பசை மட்டும் வேணாம், பூச்சிக்கு அதான் விருந்து. பூச்சி வரக்கூடாதுன்னு மயில்துத்தம் கலப்பாங்க, அது விஷம், குழந்தைங்க கையில குடுக்குற சாமானே இல்ல.

40 குட்டி கார்டுக்கு கணக்கு ஈஸி. ஒரு ஏ4 அட்டைய நாலா வெட்டி ஒவ்வொண்ணையும் ரெண்டா மடிச்சா உள்ளங்கையளவு கார்டு. 10 அட்டை. பசங்க கை வைக்கப் போறாங்கன்னா 12 வாங்கிடுங்க.

பரண்மேலபத்திரிகை:
அட்டையே வாங்க வேணாம்மா. எல்லார் வீட்டு பரண்லயும் ஒரு கட்டு பழைய கல்யாணப் பத்திரிகை இருக்குமே. நல்ல கனமான அட்டை, தங்கக் கலர் பார்டர், தாமரை, மயிலு, எல்லாம் ரெடிமேடு. நான் அஞ்சாறு வருஷமா அதுலதான் மொய் கவர் செய்றேன். ஒரு பழைய கவர பிரிச்சு விரிச்சு அத அச்சா வச்சு வெட்டிக்கணும், மேல டேப்ல ஒரு ரூபா காயின் ஒட்டிட்டா கடை கவர் தோத்துப்போகும்.

ஒரே சங்கடம் பிள்ளையார். எல்லாப் பத்திரிகையிலயும் மேல உக்காந்திருப்பாரு, அவர் மேல கத்தரிக்கோல் வைக்க எனக்கு கை வராது. அதனால அவர சுத்தி பெருசா விட்டு வெட்டி, அத மட்டும் தனியா சேத்து வச்சு புது கார்டுல மேல ஒட்டிருவேன். அவருக்கும் இடம் கிடைச்சுது, எனக்கும் மனசு நிம்மதி. பேரு, தேதி அச்சான பக்கம் உள்ள போற மாதிரி பாத்துக்கோங்க, எங்க அத்தைக்கு குடுத்த கவர்ல "மணமகன்"ன்னு பாதி வார்த்த தெரிஞ்சு ஒரே சிரிப்பு.

இன்னொண்ணு, பசங்க கறுப்பு சார்ட்ல கோல்டு பேனா வச்சு எழுதணும்னு கேப்பாங்க, போட்டோவுக்கு சூப்பரா இருக்கும்தான். ஆனா மணிவிழாவுக்கு கறுப்பு வேணாம், யாராவது பெரியவங்க முகம் சுளிப்பாங்க. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவ மறந்துடாதீங்க.

நேரமில்லாதவன்:
எல்லாரும் செய்யச் சொல்றீங்க, நான் மட்டும் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. விசேஷம் வச்சிருக்குற வீட்டுல 40 கார்டு கையால செய்றது நடக்குற கதையா? எங்க தங்கச்சி நிச்சயத்துக்கு இப்படி ஆரம்பிச்சு, முந்தின நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு நானும் மச்சானும் கண்ணு எரிய ஜிகினா ஒட்டிட்டு இருந்தோம், மறுநாள் பந்தியில சாம்பார்லயும் ஜிகினா. 40ஐ பிரிண்ட் போட்ருங்க, பெருச மட்டும் பசங்க செய்யட்டும்.

அப்புறம் ஒரு விஷயம், அப்பாவுக்குப் புடிக்காதது கடை கார்டுங்கறதா, இல்ல அதுல அவருக்குன்னு ஒரு வரி கூட இல்லங்கறதா? பொங்கல் வாழ்த்தும் கடையில வாங்குனதுதானே! ஒட்டாம சொருகி புக் போஸ்ட்னு எழுதி, ஸ்டாம்ப் காசுல மிச்சம் புடிச்சு அனுப்புனதுங்க. பெட்டிய தொறந்து பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவ பாருங்க.

பஞ்சாங்கப்பையன்:
அக்கா, அப்பா 1966 ஆவணியா? அப்ப பராபவ வருஷம். தமிழ் வருஷம் பிரபவ தொடங்கி அட்சய வரைக்கும் 60, முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்து. இந்த 2026 சித்திரையில பொறந்ததும் பராபவ தான். அறுபதுல கல்யாணம் வைக்கிறதே பொறந்த வருஷம் திரும்பி வர்றதுக்குத்தானே. கார்டுக்கு வெளிய "பராபவ 1966", தொறந்தா உள்ள "பராபவ 2026". வேற கவிதையே வேணாம்.

உள்ள எந்திரிச்சு நிக்கிற மாதிரி வைக்கணும்னா ரொம்ப ஈஸி. ஏ4 கலர் அட்டைய பாதியா மடிச்சா ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீக்கு கொஞ்சம் கம்மி. மடிப்புல இருந்து உள்நோக்கி 3 செ.மீக்கு ரெண்டு வெட்டு, நடுவுல 4 செ.மீ இடைவெளி. அந்தத் துண்ட உள்பக்கமா தள்ளுனா ஒரு படி மாதிரி வரும், படியோட முன்பக்கத்துல படத்த ஒட்டுங்க. வெட்டோட நீளமும் படத்தோட உயரமும் சேத்து 14 செ.மீக்குள்ள இருக்கணும். அதாவது படம் 11க்கு மேல போகக்கூடாது, போனா மூடும்போது வெளிய நீட்டிக்கும். முதுகுப் பக்கம் ஓட்டை தெரியும், அதனால வெளிய ஐவரி அட்டை ஒட்டணும், ஆனா அந்தப் படி மேல பசை படவே கூடாது, பட்டா தொறக்காது.

ரெண்டுவாலுஅம்மா:
விசேஷம் நல்லபடியா முடிஞ்சுது. எல்லாருக்கும் கோடி நன்றி, கொஞ்சம் லேட்டா வந்துட்டேன், மன்னிச்சிருங்க.

நேரமில்லாதவன் சொன்னது மண்டையில உறுத்துச்சு, அப்பா கடைக்குப் போன நேரம் பெட்டிய தொறந்தேன். எல்லாத்துலயும் ஒரு வரி, ரெண்டு வரிதான். "சைக்கிள் ட்யூப் மாத்தியாச்சா", "மாட்டுப் பொங்கலுக்கு வா, அம்மா கேட்டுச்சு". ஒண்ணுல கடன் வாங்குன 15 ரூபாய தையிலயே குடுத்துடுறேன்னு இருக்கு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், கவிதையெல்லாம் வேணாம்னு. பையன், "தாத்தா நீ கேரம்ல ஏமாத்துறது எனக்குத் தெரியும்"னு எழுதினான். பொண்ணு எழுதுனத இன்னும் முழுசா படிக்க முடியல, ரெண்டு எழுத்து திரும்பி நிக்குது, திருத்த விடல நான். எழுத்து மட்டும் பெருசா எழுதச் சொன்னேன், அப்பாவுக்கு கண்ணு ஆபரேஷன் ஆனதுல இருந்து பொடி எழுத்து ஆகாது.

11 செ.மீன்னு பஞ்சாங்கத் தம்பி தெளிவா சொல்லியும் பையன் கேக்கல, தாத்தா பாட்டி மாலையோட 13 செ.மீக்கு வரைஞ்சு ஒட்டிட்டான். கார்ட மூடுனா அப்பா தலைமுடி மட்டும் வெளிய எட்டிப் பாக்குது! வேற வழியில்லாம காலு பக்கம் ரெண்டு செ.மீ வெட்டி, வேட்டி பார்டர் மறுபடி வரைஞ்சோம். 40 குட்டி கார்டுல 25தான் கையால முடிஞ்சுது, மிச்சம் பிரிண்ட். எது யாருக்குப் போச்சுன்னு தெரியல, அத்தை மட்டும் எனக்கு ஏன் பிரிண்ட் வந்துச்சுன்னு கேட்டுட்டாங்க.

அப்பா வாங்குன உடனே படிக்கல, பழக்கதோஷம், நேரா பின்பக்கத்த திருப்புனாரு. பையன் அங்க ஸ்டிக்கர் மாதிரியே கட்டம் போட்டு "விலை: ஒரு துண்டு"ன்னு எழுதி வச்சிருந்தான், எனக்கே தெரியாது. தோள்ல போட்டிருந்த துண்ட எடுத்து அவன் கழுத்துல போட்டாரு.

இப்ப கார்டு தகரப்பெட்டிக்குள்ள போயாச்சு. அந்தப் பெட்டியில வெள்ளிப்பூச்சி இருக்கு, பழசெல்லாம் ஓரத்துல அரிச்சிருக்கு. என்ன போடலாம்?

கத்தரிக்கோல்:
மைதா பசை போடலேல்ல? அப்ப பாதி பயம் இல்ல. முதல்ல எல்லாத்தையும் வெளிய எடுத்து ஒரு நாள் நிழல்ல காத்தாட விடுங்க, நேர் வெயில் வேணாம், கலர் போயிடும். பெட்டிய துடைச்சு ஈரமில்லாம காய வச்சு, புது செருப்பு டப்பாவுல வருமே சிலிக்கா பொட்டலம், அதுல நாலு போடுங்க. ரசக்கற்பூர உருண்டை போட்டா பழைய கார்டு மேல நேரா படாம துணியில முடிஞ்சு மூலையில வைங்க. உங்க கார்டுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவர், நிக்கிற படி நசுங்காம மேல வைங்க.