மேசையில் ஓடுகிறது, வி.சி.ஆர். பெட்டிக்குள் போட்டால் உயிரில்லை

பழையபெட்டி:
கெட்டுப்போன வி.சி.ஆர். (வீடியோ கேசட் ரெக்கார்டர்) ஒன்றின் குடலை உருவிவிட்டு, அந்தத் தகரக் கூட்டில் மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு கம்ப்யூட்டர் மதர்போர்டு (170 × 170 மி.மீ.) வைத்திருக்கிறேன். மேசையில் அட்டை மேல் வைத்து இரண்டு நாள் ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. உள்ளே வைத்துத் திருகியதும் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. வெளியே எடுத்தால் மறுபடி ஓடுகிறது! 12 வோல்ட், 10 ஆம்பியர் அடாப்டர். அதை மாற்றணுமா?

ஈயப்பொட்டு:
அடாப்டர் பாவம், விட்டுவிடுங்கள். அதுதானே மேசையில் இரண்டு நாள் ஓட்டியது. எங்கோ ஷார்ட் ஆகி, பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. போர்டுக்கும் தகரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி?

பழையபெட்டி:
3 மி.மீ. வாஷர் அடுக்கினேன். பிராசஸர் மேல் இருக்கும் கூலர் மூடியில் இடிக்குமோ என்ற பயம்.

ஈயப்பொட்டு:
சரி, மாட்டியது அங்கேதான். போர்டின் அடியில் கனெக்டர் பின்களின் நுனி நீட்டிக்கொண்டிருக்கும், கூலரின் பின்தகடு வேறு. 6 மி.மீ.க்குக் குறையாத ஸ்டாண்டாஃப் (போர்டைத் தகரத்திலிருந்து தூக்கி நிறுத்தும் குட்டித் திருகுத் தூண்) போடுங்கள்.

ராக்கோழி:
போர்டு வந்த வெள்ளி நிறக் கவரை அடியில் விரித்துப் பாருங்களேன்.

ஈயப்பொட்டு:
ஐயோ, வேண்டாம்! அந்தக் கவரில் உலோகப் படலம் இருக்கிறது, அதுவே ஷார்ட் ஆக்கலாம். சோதித்துப் பார்க்க மட்டும் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் போதும்.

பழையபெட்டி:
பிளாஸ்டிக் ஃபைலை வெட்டி அடியில் வைத்தேன், முதல் அழுத்திலேயே ஓடியது. அப்புறம் தகரத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். வி.சி.ஆர். அடித்தகடு சமமாகவே இல்லை. வலுவுக்காக ஒரு மேடு அழுத்திவிட்டிருக்கிறார்கள். அது சரியாக 24 பின் பவர் கனெக்டருக்குக் கீழே போகிறது. மேட்டின் பெயின்டில் ஊசி குத்தியது போல இரண்டு வரிசைப் புள்ளிகள்! மேட்டையும் கணக்கில் எடுத்து 8 மி.மீ. ஸ்டாண்டாஃப் போட்டுவிட்டேன். கூலருக்கு மேல் இன்னும் ஒரு விரல் இடம் இருக்கிறது, வீணாகப் பயந்திருக்கிறேன். ஆனால் மூடியைப் போட்டால் வைஃபை படுத்துவிடுகிறதே?

ராக்கோழி:
தகரப் பெட்டிக்குள் சிக்னல் எப்படி வரும்? ஆண்டெனாவை வெளியே கொண்டு வாருங்கள். பின்பக்கம் பழைய டிவி ஆண்டெனா சாக்கெட் இருந்த ஓட்டை இருக்குமே?

பழையபெட்டி:
இருக்கிறது. கொஞ்சம் அரம் போட்டதும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.