எரிமலை பாக்கப் போனவங்க கொஞ்சம் வாங்க, நடந்தத சொல்லுங்க

செங்காங் அம்மா:
ஜூன் லீவுக்கு சிங்கப்பூரே பாலி, பேங்காக்னு கெளம்புது, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் எரிமலை பாக்கணுமாம். கிழக்கு ஜாவாவுல புரோமோ, ஈஜென் ரெண்டையும் சேத்து ஒரு பேக்கேஜ் பாத்து வச்சிருக்காரு. பெரியவன் பிரைமரி ஃபைவ், சின்னவளுக்கு லேசா வீசிங் உண்டு, கூட மாமியாரும் வராங்க. அழகழகா போட்டோ எல்லாம் பாத்தாச்சு, அது போதும். போயிட்டு வந்தவங்க உள்ளத உள்ளபடி சொல்லுங்கப்பா.

உட்லண்ட்ஸ் அண்ணன்:
நாங்க குடும்பத்தோட புரோமோ போனோம்மா. சுரபாயா வரைக்கும் ஃபிளைட், அங்கேருந்து வேன்ல மூணு நாலு மணி நேரம், செமோரோ லாவாங்னு ஒரு மலை கிராமம், அதோட விளிம்புல நின்னா கீழ பெரிய கால்டெரா. அதாவது பழைய எரிமலை ஒண்ணு வெடிச்சு உள்வாங்கி விழுந்த பள்ளம், அதுக்குள்ள தான் புரோமோ, பாத்தோக் எல்லாம் குட்டிக் குட்டியா மொளச்சிருக்கு. பின்னாடி தூரத்துல செமேரு, 3,676 மீட்டர், ஜாவாவுலயே உயரம் அது தான், அப்பப்ப புகைய விட்டுக்கிட்டு நிக்கும். இது மொத்தமும் சேத்து ஒரே நேஷனல் பார்க்.

எல்லாரும் சன்ரைஸ் சன்ரைஸ்னு சொல்வாங்க. ராத்திரி மூணு மணிக்கு ஜீப்ல ஏத்தி பெனாஞ்சாக்கான் மேல கொண்டு போயி விடுவாங்க, அங்க பாத்தா நமக்கு முன்னாடி நூத்துக்கணக்குல ஜீப்பு, தைப்பூசத்தன்னிக்கு டேங்க் ரோட்டுல நிக்கிற கூட்டம் மாதிரி நெருக்கியடிச்சு நிக்கிறாங்க, அத்தன பேரும் ஃபோனை தூக்கிப் பிடிச்சா நமக்கு சூரியன் எங்க தெரியும் சொல்லுங்க, அடுத்தவன் ஸ்கிரீன்ல தான் பாக்கணும். குளிர் வேற. நம்ம ஏர்கான் குளிர நெனச்சுக்கிட்டு ஒரு ஸ்வெட்டரோட போகாதீங்க, ஜூன்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் அங்க சில நாள் விடியக்காலைல புல்லு மேல பனி உறைஞ்சு வெள்ளையா கெடக்கும். குல்லா, கையுறை, தடிமனா ஜாக்கெட் எல்லாம் வேணும்.

எனக்கு புடிச்சது அதுக்கப்புறம் தான். ஜீப்பு கீழ எறங்கி மணல் கடல்ல விடுவான். சாம்பல் கலர்ல கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணலு, அதுல நடந்து போயி கிட்டத்தட்ட 250 படி ஏறினா புரோமோ எரிமலையோட வாய் விளிம்பு. மேல போனதும் முதல்ல கேக்குறது சத்தம். ஃபிளைட் எஞ்சின் தூரத்துல ஓடுற மாதிரி உள்ளேருந்து ஒரே இரைச்சல், நிக்கவே நிக்காது. அத எந்த வீடியோவுலயும் நான் கேட்டதில்ல. விளிம்பு ரொம்ப அகலம் கிடையாது, கம்பித் தடுப்பு கொஞ்ச தூரத்துக்குத் தான், அத தாண்டி நடக்குறவங்கள பாத்தாலே நமக்கு வயிறு கலங்கும். பசங்க கைய விடாதீங்க.

மாமியாருக்கு கவலை வேணாம், படி ஆரம்பிக்கிற எடம் வரைக்கும் குதிரை இருக்கு. வெலைய ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. எங்க அப்பா பழைய பசார் மலாய்ல பேசி பாதியா கொறச்சாரு, குதிரைக்காரனும் சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டான்.

ஜூரோங் தம்பி:
அக்கா, நான் ஈஜென் பத்தி சொல்றேன். ஒரே வார்த்தைல சொன்னா சின்னவள அங்க கூட்டிட்டுப் போகாதீங்க.

பால்துடிங்ற எடத்துலேருந்து மூணு கிலோமீட்டர் நடை, ஏறக்குறைய 500 மீட்டர் ஏத்தம். நம்ம ஊரு புக்கிட் தீமா மலை மொத்தமே 163 மீட்டர் தான், அப்ப கணக்கு போட்டுக்குங்க, அதுவும் நடு ராத்திரில டார்ச்ச வச்சுக்கிட்டு. நீலத் தீ இருட்டுல மட்டும் தான் தெரியும், அதுக்காகத் தான் அந்த நேரத்துல போறது. எரிமலைக் குழம்பு நீலமா ஓடுதுன்னு டிக்டாக்ல போடுறாங்க, அதெல்லாம் சும்மா. உள்ளேருந்து வர்ற கந்தக வாயு காத்து பட்டதும் பத்திக்குது, அந்த சுவாலை தான் நீலம். வாயு நெறைய வந்துச்சுன்னா பள்ளத்துக்குள்ள எறங்க விடமாட்டாங்க, அத அன்னிக்குத் தான் சொல்வாங்க.

முக்கியமா மாஸ்க். ஹேஸ் புகைமூட்ட நேரத்துல வாங்குன என்95 வீட்ல கெடக்கும், அத எடுத்துட்டுப் போயிடலாம்னு நெனப்பீங்க. என்95 தூசிய நிறுத்தும், சல்பர் டை ஆக்சைட நிறுத்தாது. அமில வாயுவுக்குன்னு கேட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் வேணும், அங்கயே வாடகைக்கு கெடைக்கும், ஆனா அதுல ஃபில்டர் எத்தன பேர் மூச்சு விட்டதுன்னு கடவுளுக்குத் தான் வெளிச்சம். எங்க குரூப்ல ஆஸ்துமா இல்லாத ஆளே காத்து திரும்பின அஞ்சு நிமிஷத்துல கண்ணு மூக்கெல்லாம் ஊத்தி உக்காந்துட்டாரு. புரோமோ மணலுக்கு மட்டும் உங்க என்95 போதும்.

விடிஞ்சப்புறம் ஏரி தெரிஞ்சுது. பச்சையும் நீலமும் கலந்த கலரு, பாத்தா குதிச்சு குளிக்கலாம் போல, ஆனா உலகத்துலயே பெரிய அமில ஏரின்னா அது தான். 2024 ஏப்ரல்ல போட்டோவுக்கு போஸ் குடுக்கும்போது விளிம்புலேருந்து தவறி விழுந்து ஒரு டூரிஸ்ட் எறந்தே போனாங்க, அதனால கைடு பின்னாடி வான்னா வந்துடுங்க.

ஆனா என் மனசுல நிக்கிறது ஏரி இல்ல, கந்தகம் எடுக்குற ஆளுங்க. வாயு வர்ற எடத்துல நீளமா குழாய் சொருகி வச்சிருக்காங்க, அதுக்குள்ள வாயு ஆறி ஒழுகும்போது ரத்தச் செவப்பா இருக்கு, கீழ விழுந்து ஆறினதும் மஞ்சக் கட்டி. அத கம்பியால ஒடச்சு ரெண்டு மூங்கில் கூடையில அடுக்கி, காவடி போல தோள்ல வச்சு 70, 80 கிலோ தூக்கிட்டு அந்த செங்குத்துப் பாதைல ஏறுறாங்க. சில பேர் வாயில வெறும் ஈரத்துணி தான். ஒருத்தர் எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னாரு, எனக்கு தான் கூசிப் போச்சு, நான் வெறுங்கைய வீசிக்கிட்டு வர்றேன், சுமைய வச்சிருக்குற அவரு எனக்காக நிக்கிறாரு. இப்போ நெறைய பேர் தள்ளுவண்டி வச்சு நடக்க முடியாத டூரிஸ்ட ஏத்திட்டுப் போறாங்க, 'டாக்ஸி டாக்ஸி'ன்னு கூப்புடுவாங்க. ஏறி உக்கார்றது சரியா தப்பான்னு நம்ம பசங்க வாட்ஸாப்ல சண்ட போட்டாங்க. கந்தகம் சுமக்குறதுக்கு இது தேவலைன்னு அவங்களே சொல்றாங்க, அப்புறம் நமக்கு என்ன?

லிட்டில் இந்தியா ரிட்டயர்டு:
ரெண்டு பேரும் நல்லா சொன்னீங்க, ஆனா அங்க இருக்குற ஜனங்கள பத்தி யாருமே சொல்லலியே. புரோமோவ சுத்தி இருக்குறது தெங்கர் ஜனங்க, இந்துக்கள். மணல் கடல்ல மலையடிவாரத்துலயே பூரா லுஹுர் போத்தேன்னு கோயில் இருக்கு. வருஷா வருஷம் யத்ன்யா கசடான்னு ஒரு விழா, வெளஞ்ச காய்கறி, கோழி, ஆடு எல்லாம் தூக்கிட்டுப் போயி எரிமலை வாயில போடுவாங்க. ரோரோ அந்தெங், ஜோகோ செகெர்னு ஒரு தம்பதி, புள்ள இல்லாம வேண்டிக்கிட்டு 25 புள்ள பொறந்து, கடைசிப் புள்ளைய மலைக்குக் குடுத்ததா கதை. இதுல வேடிக்கை, போடுறத அப்படியே விட்டுடுறது இல்ல, உள்சரிவுல எறங்கி வலைய வச்சுக்கிட்டு நின்னு புடிக்கிறவங்களும் உண்டு. அத யாரும் குத்தமா பாக்குறதில்ல.

அப்புறம் விளிம்புல ஒரு புள்ளையார் இருக்காரு. 700 வருஷமா எரிமலைய காக்குறாருன்னு நம்ம குடும்ப குரூப்ல ஃபார்வர்டு சுத்துதே, அவரு தான். வயசெல்லாம் நான் நம்பல, ஆனா பூ வச்சு கும்புடுறது நெசம். உங்க மாமியாருக்கு அது ஒண்ணே போதும்.

ஒரு விஷயம் கவனிங்க. கசடா பெரும்பாலும் ஜூன், ஜூலையில வரும், அந்த நாட்கள்ல சமீப வருஷமா டூரிஸ்டுக்கு அந்த நேஷனல் பார்க்கையே மூடிடுறாங்க. மார்ச் லீவுல போறவங்களுக்கு சில வருஷம் நியெப்பி, அதாவது அங்க இந்துக்களோட மௌன நாள், வந்து நிக்கும், அன்னிக்கும் மூடல். பேக்கேஜ்காரங்க இத சொல்லவே மாட்டாங்க.

சாங்கி நைட் ஷிப்ட்:
நான் விமானம் பழுது பாக்குற லைன்ல இருக்கேன், அதனால சாம்பல் பத்தி மட்டும். 1982 ஜூன்ல கோலாலம்பூர்லேருந்து பெர்த்துக்குப் போன ஜம்போ ஒண்ணு ஜாவாவுல கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள்ள மாட்டி நாலு எஞ்சினும் நின்னு போச்சு, அப்புறம் திரும்ப ஸ்டார்ட் ஆகி ஜகார்த்தாவுல எறக்கிட்டாங்க. சாம்பல் எஞ்சின் சூட்டுல கண்ணாடி மாதிரி உருகி உள்ள ஒட்டிக்கும், அதான் காரணம். 2024 நவம்பர்ல ஃபுளோரெஸ் தீவுல லெவோதோபி வெடிச்சப்ப பாலி ஃபிளைட் எல்லாம் கேன்சல் ஆச்சு, கவுண்டர்ல எத்தன பேர் கத்துனாங்க. கத்தி என்ன பண்றது? இன்சூரன்ஸ டிக்கெட் போட்ட அன்னிக்கே எடுங்க. எரிமலை பொங்கின நியூஸ் வந்தப்புறம் எடுத்தா அதுக்கு கிளெய்ம் கெடைக்காது.

அங்க எரிமலைக்கு நாலு லெவல் வச்சிருக்காங்க. 1 சாதாரணம், 4 ஓடிடு. மக்மா இந்தோனேசியான்னு அரசாங்க தளத்துலயே தெனமும் போடுவாங்க, கெளம்புற அன்னிக்கும் ஒரு தடவை பாருங்க. செமேரு 2021 டிசம்பர் 4-ல பொங்கி அம்பது பேருக்கு மேல செத்தாங்க, தூரத்துல அழகா புகையுதுன்னு நாம போட்டோ எடுக்குற அதே மலை தான்.

பொங்கோல் பையன்:
லொம்போக் தீவுல ரிஞ்சானி எரிமலை போலாமே, அது தான் கெத்து 😎

உட்லண்ட்ஸ் அண்ணன்:
தம்பி, அவங்க மாமியார கூட்டிட்டுப் போறாங்க. 3,726 மீட்டர் ஏற வைக்கவா?

செங்காங் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். ஈஜென் வேணாம்னு முடிவு, அவருக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு, வேணும்னா ஆபீஸ் கூட்டாளிங்களோட தனியா போகட்டும். புரோமோ மட்டும் போறோம், கசடா தேதி பாத்துட்டு லீவு ஆரம்பிச்ச வாரமே கெளம்பலாம்னு இருக்கோம். மாமியார் குதிரைல ஏற ரெடியாம், புள்ளையாருக்கு அருகம்புல்லு தேக்கா மார்க்கெட்டுலேருந்து வாங்கிட்டுப் போலாமான்னு கேக்குறாங்க, கஸ்டம்ஸ்ல விடுவாங்களா யாருக்காவது தெரியுமா?

லிட்டில் இந்தியா ரிட்டயர்டு:
புல்லெல்லாம் கொண்டு போகாதம்மா, ஏர்போர்ட்ல புடுங்கிடப் போறான். படிக்குக் கீழயே காஞ்ச பூவு கொத்துக் கொத்தா கட்டி விப்பாங்க, அத வாங்கிக்குங்க.